அம்மா அப்பாவ சிங்கப்பூர் கூட்டிட்டுப் போக பாயிண்ட்டா, கேஷ்பேக்கா, ஆர்டியா?

கும்பகோணத்துக்குப் பக்கத்துல ஊரு. தங்கச்சி கல்யாணம் ஆகி சிங்கப்பூர் போயி ஏழு வருஷம் ஆச்சு, இன்னும் அம்மா அப்பா அவ வீட்டு வாசப்படிய மிதிச்சதில்ல. அப்பாவுக்கு 68, முட்டி வலி. அம்மாவுக்கு 62, ஃப்ளைட்ட வயக்காட்டுல நின்னு அண்ணாந்து பாத்ததோட சரி. ஒரு தடவதான் போகப்போறாங்க, அந்த ஒரு தடவ கொஞ்சம் ராஜ மரியாதையா கூட்டிட்டுப் போவோமேன்னு எனக்கு ஒரு ஆசை. கிரெடிட் கார்டுல தேய்க்கிறதுக்கு பேங்க் குடுக்குற பாயிண்ட்டு, ரெண்டு வருஷமா சேந்தது 25,600 சும்மா கெடக்கு. போன்ல எத தொறந்தாலும் எவனோ ஒருத்தன் பிசினஸ் கிளாஸ்ல கால நீட்டி படுத்துக்கிட்டு "இது முழுக்க பாயிண்ட்ல வந்தது, கைக்காசு ஒத்த ரூபா இல்ல"ங்குறான். சரி நமக்கும் ஆகுதா, இல்ல செலவுல ஒரு பங்கு காசாவே திரும்ப வர்ற கேஷ்பேக் கார்டோ, மாசாமாசம் பேங்க்ல போட்டு சேக்குற ஆர்டியோ தேவலையான்னு ஒரு நோட்டு எடுத்து கணக்குப் போட ஆரம்பிச்சேன், மூணு ராத்திரி போச்சு, அதத்தான் இங்க எழுதுறேன். நம்ம பக்கம் நெறைய பேரு வீட்ல இதே நெலமதான், புள்ளைங்க சிங்கப்பூர் மலேசியா துபாய்ல, பெத்தவங்க இங்க.

அப்பாகிட்ட கிரெடிட் கார்டுன்னு சொன்னா அவருக்கு ஞாபகம் வர்றது கிசான் கிரெடிட் கார்டு. அது 1998ல வந்தது, பயிர்க் கடன், 3 லட்சம் வரைக்கும் 7% வட்டி, சொன்ன தேதிக்கு கட்டிட்டா அதுலயும் 3% தள்ளுபடி. நம்ம கூட்டுறவு சொசைட்டில வாங்குற பயிர்க் கடனுக்கு கெடுவுக்குள்ள கட்டிட்டா வட்டியே இல்ல, அரசாங்கம் ஏத்துக்குது. அதனால "கார்டுல வாங்குனா அறுப்புக்கு அப்புறம் கட்டலாம்ல"ன்னு அவரு ரொம்ப சாதாரணமா கேக்குறாரு. இங்கதான் பிரச்சினையே. நம்ம பர்ஸ்ல இருக்குற கார்டுக்கு அறுப்பும் தெரியாது நடவும் தெரியாது, மாசாமாசம் தேதி வந்துரும். தவறுனா மாசத்துக்கு 3.5%, 3.75%னு போகும், வருஷத்துக்கு 42லேருந்து 45%, அந்த வட்டிக்கு மேல 18% ஜிஎஸ்டி வேற. 30%க்கு மேல வட்டி வாங்குறது தப்புன்னு 2008ல தேசிய நுகர்வோர் ஆணையம் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, அதையும் 2024 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிருச்சு. கந்துவட்டிக்காரன ஊரே திட்டுது, இது பிளாஸ்டிக்ல வர்றதால கண்ணுக்கு தெரியல அவ்வளவுதான்.

நானே ஒரு தடவ மாட்டுனேன். மச்சான் போர்செட் போட்டாரு, மோட்டாரு, பைப்பு, ஸ்டார்ட்டர்னு எல்லாம் சேத்து 1,80,000 பில்லு. அவரு கைல காசா குடுக்கப் போனாரு, நான்தான் பாயிண்ட்டு ஆசையில "இருங்க மச்சான், என் கார்டுல தேய்க்கிறேன், நீங்க நெல்லு போட்டதும் குடுங்க"ன்னு பெரிய மனுசன் மாதிரி தேச்சேன். 5ஆம் தேதி தேச்சது, 20ஆம் தேதி பில்லு, அடுத்த மாசம் 9ஆம் தேதி கட்டணும். அந்த வருஷம் அறுப்பு நேரத்துல மழை. கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17%க்கு மேல இருக்குன்னு நெல்லு களத்துலயே கெடந்துச்சு, தார்ப்பாய் போட்டு மூடுறதும் வெயில் அடிச்சா தொறந்து காய வைக்கிறதுமா மனுசன் தூங்கவே இல்ல, அவருகிட்ட போயி நான் காசு எப்புடி கேப்பேன். 9ஆம் தேதி என்னால கட்ட முடிஞ்சது 30,000. மிச்சம் 1,50,000த்த 25ஆம் தேதி கட்டுனேன். பதினாறு நாள்தான லேட்டு, பதினாறு நாளுக்குதான் வட்டின்னு நெனச்சேன். இல்ல. முழுசா கட்டலன்னா, தேச்ச நாள்லேருந்தே வட்டி ஓடுது, அம்பது நாளுக்கு. ஜிஎஸ்டியோட 12,000 தாண்டுச்சு. அதுக்கு நடுவுல நான் வாங்குன மளிகை சாமானுக்கும் வட்டியில்லாத நாளு கெடயாது, வாங்குன அன்னையிலேருந்தே மீட்டர் ஓட ஆரம்பிச்சிருச்சு. கெடச்ச பாயிண்ட்டு எவ்வளவு தெரியுமா, 4,800. ரூபாயில 2,400. மச்சான்கிட்ட இந்த 12,000 கதைய இன்னைக்கு வரைக்கும் சொல்லல, சொன்னா அவரு எங்கயாவது கடன் வாங்கியாவது குடுத்துருவாரு.

அதனால கீழ நான் ஒப்பிடுற எல்லாத்துக்கும் ஒரே கண்டிஷன்: பில்ல முழுசா, தேதிக்குள்ள கட்டுறவங்களுக்கு மட்டும். மினிமம் டியூன்னு 5% கட்டி ஓட்டுறவங்க பாயிண்ட்டப் பத்தி யோசிக்கவே வேணாம், மொதல்ல அத அடைங்க. நெல்லு, கரும்பு, வாழைன்னு சீசனுக்கு சீசன் காசு வர்ற வீட்டுல கார்டு செலவ அந்த வரப்போற காச நம்பி பண்ணாதீங்க, இப்ப பேங்க்ல இருக்குற காசுக்குள்ள மட்டும் பண்ணுங்க.

இப்ப கணக்கு. என் செலவு கார்டுல மாசம் 40,000 வரும், பெட்ரோல் போக மளிகை, கரண்ட் பில்லு, பொண்ணோட ஸ்கூல் சமாச்சாரம், துணிமணி, ஆன்லைன்ல வாங்குறது எல்லாம் சேத்து. வருஷத்துக்கு 4,80,000. என் கார்டுல 150 ரூபாய்க்கு 4 பாயிண்ட்டு, அப்ப வருஷத்துக்கு 12,800. ஒரு பாயிண்ட்டு டிக்கெட்டு, ஹோட்டலுக்கு மாத்துனா 50 பைசா, காசா மாத்துனா 20 பைசா. அதாவது வருஷம் பூரா தேச்சு 6,400 ரூபா, இல்ல காசா எடுத்தா 2,560. வருஷ ஃபீஸு 2,500ம் ஜிஎஸ்டியும் சேத்து 2,950, குறிப்பிட்ட அளவு செலவு பண்ணா ஃபீஸு கெடயாதுன்னு வச்சிருக்காங்க, நான் அத தாண்டுறதால தப்பிச்சேன். தாண்டாதவங்களுக்கு காசா எடுத்தா நஷ்டம்தான், பாத்துக்குங்க, 2,950 குடுத்துட்டு 2,560 வாங்குறது.

மொதல்ல அந்த வீடியோக்காரன் சொல்ற வழியப் பாத்தேன், பாயிண்ட்ட ஏர்லைன்ஸ் மைலா, அதாவது அந்த ஏர்லைன்ஸ்ல டிக்கெட்டுக்கு செல்லுற பாயிண்ட்டா மாத்தி பிசினஸ் கிளாஸ் போடுறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸோட க்ரிஸ்ஃப்ளையர் மாதிரி ஒரு கணக்குக்கு பேங்க்லேருந்து பாயிண்ட்ட தள்ளலாம், ஒண்ணுக்கு ஒண்ணு, ரெண்டுக்கு ஒண்ணு, சில பெரிய கார்டுல ஒண்ணுக்கு ரெண்டு கூட இருக்கு, கார்டுக்கு கார்டு வேற. ரெண்டுக்கு ஒண்ணுன்னு வச்சா என் 12,800 வருஷத்துக்கு 6,400 மைலு. சென்னை சிங்கப்பூர் பிசினஸ் கிளாஸ் ஒரு ஆளுக்கு ஒரு பக்கம் 30,000 மைலுக்கு கீழ நெனச்சுக்கூட பாக்க முடியாது. அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் போக வர குறைஞ்சது 1,20,000. வகுத்துப் பாத்தேன், பதினெட்டு வருஷத்துக்கு மேல வருது. அப்பாவுக்கு அப்ப 86. அதுக்குள்ள மைலே செத்துரும், க்ரிஸ்ஃப்ளையர்ல சேந்து 36 மாசத்துல காலாவதி. இதச் சொன்னதும் வீட்டுக்காரி சிரிச்ச சிரிப்பு அடங்க அரை மணி நேரம் ஆச்சு.

அப்ப அந்த வீடியோக்காரன் பொய் சொல்றானா? இல்ல, அவன் செலவு வேற. எங்க சொந்தத்துல ஒருத்தரு கடை வச்சிருக்காரு, அவருக்கு மாசம் 3 லட்சம் சர்வசாதாரணமா கார்டுல போகும், அவரு மாதிரி ஆளுக்கு ரெண்டு வருஷத்துல ரெண்டு டிக்கெட்டு வரலாம். ஆனா அங்கயும் ஒண்ணு, நம்ம பேருல இருக்குற சாதா கார்டுல வியாபாரக் கொள்முதல தேய்க்கக் கூடாதுன்னுதான் பெரும்பாலான கார்டு விதியில இருக்கு, கண்டுபிடிச்சா பாயிண்ட்ட புடுங்கிட்டு கார்டையும் மூடிருவாங்க. அப்புறம் வருஷத்துக்கு 10 லட்சத்துக்கு மேல கார்டு பில்லு கட்டுனா பேங்கே இன்கம்டாக்ஸுக்கு சொல்லிரும். ஊருல இருக்குறவன் செலவெல்லாம் நம்ம கார்டுல தேச்சா அந்தக் கணக்கும் நம்ம தலையிலதான் விடியும்.

மைலு வழியில இன்னும் ரெண்டு சங்கடம். பாயிண்ட்ட ஒரு தடவ ஏர்லைன்ஸுக்குத் தள்ளிட்டா திரும்ப வாங்க முடியாது, அதனால சீட்டு இருக்கான்னு பாத்துட்டுத்தான் தள்ளணும், தள்ளி போயி சேர சில நேரம் நாளாகும், போயி சேரும்போது சீட்டு போயிருக்கும். இன்னொண்ணு, ஏர்லைன்ஸே நாளைக்கு இருக்குமான்னு யாரு கண்டா. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல்ல நின்னப்ப அந்த மைல வச்சு ஃப்ளைட்டு ஏறலாம்னு சேத்து வச்சவங்க எல்லாம் கையப் பெசைஞ்சுக்கிட்டு நின்னாங்க. விஸ்தாரா 2024 நவம்பர்ல ஏர் இந்தியாவோட கலந்துச்சு, அதுல பாயிண்ட்டு மாறிப் போச்சு, ஆனா விஸ்தாராவுக்குன்னே கார்டு எடுத்தவங்க போட்ட கணக்கெல்லாம் மாறிருச்சு. நெல்லு மாதிரிதான் பாயிண்ட்டும், ரொம்ப நாள் குதிருல வச்சா வண்டுதான் திங்கும்.

இதெல்லாம் விடுங்க, பாயிண்ட்டு மலையா குமிஞ்சு கெடந்தாலும் எனக்கு பிசினஸ் கிளாஸ் ஆகாதுன்னு முடிவு பண்ணுனது வேற ஒரு காரணத்துனால. திருச்சியிலேருந்து சிங்கப்பூருக்கு நேரா போறது பெரும்பாலும் பட்ஜெட் ஏர்லைன்ஸ், படுக்குற சீட்டெல்லாம் அதுல கெடயாது. படுத்துக்கிட்டு போகணும்னா மெட்ராஸ் போகணும். கும்பகோணத்துலேருந்து மெட்ராஸுக்கு ரயில்ல ஆறு ஏழு மணி நேரம், அங்கேருந்து ஏர்போர்ட்டு, அங்க மூணு மணி நேரம் முன்னாடி போயி நிக்கணும். இவ்வளவும் முட்டி வலியோட பண்ணி ஏறுனா ஃப்ளைட்டு எவ்வளவு நேரம், நாலரை மணி நேரம். நாலரை மணி நேரம் படுக்குறதுக்காக பத்து மணி நேரம் உக்காந்துட்டுப் போறது என்ன கணக்குன்னு எனக்குப் புரியல. திருச்சின்னா காலையில வீட்ல இட்லி சாப்ட்டுட்டு கார்ல ஏறுனா ரெண்டு மணி நேரம், வழியில செங்கிப்பட்டில ஒரு டீ. திருச்சி ஏர்போர்ட்டும் பழைய மாதிரி இல்ல, 2024 ஜூன்லேருந்து புது டெர்மினல்லதான் ஓடுது, கோபுரமும் ஓவியமுமா நல்லாவே கட்டியிருக்காங்க. உங்க ஊரு டெல்டாவா இருந்து போற எடம் சிங்கப்பூர், கொழும்பு, கோலாலம்பூர்னா இதே கதைதான். லண்டன், அமெரிக்கான்னு பதினஞ்சு இருபது மணி நேரம் போறவங்களுக்குத்தான் அந்தப் படுக்கை சீட்டுக்கு அர்த்தமே இருக்கு, அவங்க மைலு வழிய தாராளமா பாக்கலாம்.

சொகுசுன்னா என்னன்னு அம்மாகிட்டயே கேட்டேன். "நிக்க வைக்காம கூட்டிட்டுப் போ, பாத்ரூம் சுத்தமா இருக்கணும், சாப்பாட்டுக்கு அலைய விடாத"ன்னுச்சு. இந்த மூணுக்கும் பாயிண்ட்டே வேணாம். வீல்சேர் வேணும்னு டிக்கெட்டு போடும்போதே சொல்லிட்டா அதுக்கு பெரும்பாலும் காசு கெடயாது, வாசல்லேருந்து ஃப்ளைட்டு கதவு வரைக்கும் தள்ளிட்டுப் போறாங்க, இமிக்ரேஷன் வரிசையில கால் கடுக்க நிக்க வேண்டியதில்ல. பட்ஜெட் ஃப்ளைட்டுலயே கால் நீட்ட எடம் இருக்குற முன் சீட்டுக்கு கொஞ்சம் எக்ஸ்ட்ரா குடுத்தா போதும், டிக்கெட்டு விலையில அது ஒரு சின்ன பங்கு. சாப்பாட முன்கூட்டியே சொல்லி வாங்கிக்கலாம், அம்மா எப்படியும் புளிசாதம் கட்டிட்டுத்தான் வரும் அது வேற விஷயம்.

ரெண்டாவது வழி, பேங்க்கோட சொந்த சைட்டுல பாயிண்ட்ட வச்சு டிக்கெட்டோ ஹோட்டலோ போடுறது. என்ன மாதிரி ஆளுக்கு இதுதான் லாயக்கு, ஏன்னா மைலு சார்ட்டு, சீட்டு இருக்கா இல்லயான்னு ராத்திரி முழிச்சிருந்து பாக்குறது எதுவும் இல்ல, இத்தன பாயிண்ட்டுக்கு இத்தன ரூபா அவ்வளவுதான். என் 25,600க்கு 12,800 ரூபா. ஆனா மொத்தத்தையும் பாயிண்ட்ல கட்ட விடமாட்டாங்க, சில பேங்க்ல 70% வரைக்கும்தான், மிச்சம் கார்டுல கட்டணும். மாத்துறதுக்கு 99 ரூபாயும் ஜிஎஸ்டியும் ஒரு ஃபீஸு. இத விட முக்கியமா அந்த சைட்டுல போட்டிருக்க விலைய அப்படியே நம்பாதீங்க, அதே டிக்கெட்ட ஏர்லைன்ஸ் சைட்டுல பாருங்க, அதே ரூம ஹோட்டல்காரன் சைட்டுல பாருங்க. நான் பாத்தப்ப ஒரு ரூமு பேங்க் சைட்டுல 2,000 ரூபா கூட காட்டுச்சு, அப்ப என் பாயிண்ட்டு 50 பைசா இல்ல, 42 பைசாதான். தேதி மாத்தணும், கேன்சல் பண்ணணும்னாலும் நடுவுல பேங்க்கு நிக்கும், ஏர்லைன்ஸ்காரன் அங்க கேளும்பான் பேங்க்காரன் இங்க கேளும்பான். அதனால தேதி உறுதியான சமாச்சாரத்துக்கு மட்டும் இந்த வழி.

ஹோட்டல் கம்பெனி பாயிண்ட்டா மாத்துற வழியும் இருக்கு. அக்கோர் குரூப்புல 2,000 பாயிண்ட்டுக்கு 40 யூரோ கழிக்கிறாங்க, அது மாறாத கணக்கு, எனக்கு அது பிடிச்சிருக்கு, கண்ணாமூச்சி இல்ல. சிங்கப்பூர்ல 1887லேருந்து இருக்குற ராஃபிள்ஸ் ஹோட்டலே இப்ப அவங்க குரூப்புதான், அதுல ஒரு ராத்திரி தங்க நம்ம ரெண்டு வருஷ பாயிண்ட்டு ஒரு மூலைக்குக் காணாது, வாசல்ல நின்னு போட்டோ எடுத்துக்கலாம். மேரியட் குரூப்புல அஞ்சு நாளு பாயிண்ட்ல தங்குனா ஒரு நாளுக்கு பாயிண்ட்டு வாங்க மாட்டாங்க, ஆனா விலை நாளுக்கு நாளு ஏறி எறங்கும். திருச்சியிலயே அவங்களோட கோர்ட்யார்ட் இருக்கு, கல்யாண நாளுக்கு ஸ்ரீரங்கம் போயி சாமி பாத்துட்டு ஒரு ராத்திரி அங்க தங்கலாம்னு நெனைக்கிறவங்களுக்கு கொஞ்ச பாயிண்ட்டே போதும். டாடா நியூ கார்டு வச்சிருக்கவங்களுக்கு ஒரு நியூகாயின் ஒரு ரூபா, தாஜ் குரூப் ஹோட்டல்ல செல்லும், ஊட்டி மாதிரி உள்ளூர்லயே போறவங்க அதப் பாக்கலாம். உள்ளூருன்னதும் ஞாபகம் வருது, ரயில்லயே போறவங்களுக்கு ஐஆர்சிடிசி எஸ்பிஐ கார்டு ஒண்ணு இருக்கு, ஏசி டிக்கெட்டுக்கு 10% வரைக்கும் பாயிண்ட்டா திரும்ப வரும், உழவன், மன்னை எக்ஸ்பிரஸ்ல மாசாமாசம் மெட்ராஸுக்கு போயி வர்றவங்களுக்கு இந்த சிங்கப்பூர் கணக்கெல்லாம் விட அதுதான் லாபம்.

மூணாவது, கேஷ்பேக். இத நான் கடைசியாத்தான் பாத்தேன், பாத்ததும் கடுப்பாயிருச்சு. ஆன்லைனுக்கு 5%, கடையில 1% குடுக்குற மாதிரி கார்டு இருக்கு, மாசத்துக்கு இவ்வளவுதான்னு ஒரு உச்சவரம்போட. என் 40,000ல 12,000 ஆன்லைன், 28,000 கடை. அப்ப 600ம் 280ம், மாசம் 880, வருஷத்துக்கு 10,560 ரூபா. ரொக்கம். பில்லுலயே கழிஞ்சிரும். அந்த கார்டுக்கு ஃபீஸு ஆயிரத்து சொச்சம். நான் ட்ராவல் கார்டு ட்ராவல் கார்டுன்னு ரெண்டு வருஷம் சேத்தது 12,800, கேஷ்பேக்ல அதே செலவுக்கு 21,120 வந்திருக்கும். யோசிச்சுப் பாருங்க, 8,000 ரூபாய்க்கு மேல வித்தியாசம், அதுவும் எந்த ஏர்லைன்ஸுல வேணாலும் எந்த தேதிக்கு வேணாலும் செல்லுற காசு. வீட்டு செலவு மாசம் 50,000க்கு கீழ இருக்குற யாருக்கும் நான் இனிமே ட்ராவல் கார்டு எடுன்னு சொல்ல மாட்டேன். நம்ம பக்கம் இன்னொரு விஷயம், பாதி கடையில கார்டு மெஷினே இருக்காது, க்யூஆர் அட்டைதான் தொங்கும். ரூபே கிரெடிட் கார்ட 2022லேருந்து யூபிஐல இணைச்சு கடைக்கு கட்டலாம், காய்கறி, மருந்துக் கடைன்னு சின்ன செலவும் அதுல வந்துரும். ஆனா எல்லா கார்டும் யூபிஐ செலவுக்கு அதே அளவு குடுக்காது, எடுக்குறதுக்கு முன்னாடி அத மட்டும் படிச்சிருங்க. சின்ன செலவு கண்ணுக்குத் தெரியாம பெருகுறதும் இதுலதான், நானே மொத மாசம் 4,000 கூட பண்ணிட்டேன்.

பெட்ரோல், வாடகை, நகை, இன்சூரன்ஸ், அரசாங்கத்துக்கு கட்டுறது, வாலட்ல போடுறது, இதுக்கெல்லாம் பல கார்டுல பாயிண்ட்டே கெடயாது இல்ல ரொம்ப கொறச்சல். நகைக்கடையில 5 பவுன் வாங்கி பாயிண்ட்ட அள்ளிரலாம்னு கனவு காணாதீங்க. கார்டுக்கு 2% சேத்துத்தான் போடுவேன்னு சொல்ற கடையும் நம்ம ஊர்ல நெறைய உண்டு, 1.33% கெடைக்க 2% குடுக்குறவன் என்ன புத்திசாலி. அதே மாதிரிதான் "இன்னும் 38,000 செலவு பண்ணா உங்களுக்கு போனஸ்"னு மெசேஜ் வரும், ஏர்போர்ட்டுல உக்காந்து சாப்புடுற லவுஞ்சுக்கு போக மூணு மாசத்துல இவ்வளவு செலவு பண்ணணும்பான். வருஷத்துக்கு ஒரு தடவ கூட ஏர்போர்ட்டுக்கு போகாத நான் லவுஞ்சுக்காக ஒரு தடவ மிக்ஸி வாங்குனேன். பழைய மிக்ஸி இன்னும் நல்லாத்தான் ஓடுது.

நாலாவது, கார்டே இல்லாம ஆர்டி. மாசம் 5,000, ரெண்டு வருஷம், 6.5% மாதிரி வட்டின்னா 1,20,000 போட்டு சுமார் 8,000 மேல வரும். பாயிண்ட்டு 12,800 கேஷ்பேக்கு 21,000ன்னு சொன்னதோட இத வச்சுப் பாத்தா கம்மியாத் தெரியும், ஆனா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு போட்டி இல்ல. பாயிண்ட்டுங்கறது செலவழிச்சு முடிச்ச காசோட தவுடு, ஆர்டிதான் அரிசி. திருச்சி சிங்கப்பூர் நான் பாத்தப்ப ஆளுக்கு போக வர 20,000லேருந்து 28,000 வரைக்கும் தேதிக்கு தேதி மாறுச்சு, அம்மா, அப்பா, நான், வீட்டுக்காரின்னு நாலு பேருக்கு ஒரு லட்சம் கிட்ட. அதுக்கு மேல விசா, ஆளுக்கு 30 சிங்கப்பூர் டாலரும் ஏஜெண்ட் கமிஷனும். இத எந்த பாயிண்ட்டும் கட்டாது, ஆர்டி கட்டும். சீட்டு கட்டி காசு சேக்குறவங்க பதிவு பண்ணுன சீட்டாப் பாத்து போடுங்க, ஊர்ல ஓடுன கதையெல்லாம் தெரிஞ்சதுதான். நகைய வச்சு போறது, டிக்கெட்ட இஎம்ஐல போடுறது ரெண்டும் என் லிஸ்ட்லயே இல்ல. இஎம்ஐக்கு மாத்துனா பெரும்பாலும் பாயிண்ட்டும் போயிரும், ப்ராசஸிங் ஃபீஸும் வட்டியும் அதுக்கு ஜிஎஸ்டியும் வரும். விதைக்கும் உரத்துக்கும் நகைய வைக்கிறது எங்க வீட்டுல எப்பவும் உள்ளது, அது அறுப்புல மீளும். சுத்திப் பாக்க வச்சா எதுல மீக்குறது.

அங்க போயி தேய்க்கிறதுலயும் ஒரு ஓட்டை இருக்கு. வெளிநாட்டுல கார்டு போட்டா சாதாரணமா 3.5% மார்க்கப்புன்னு பேங்க் ஒரு கூடுதல் கட்டணம் புடிக்கும், அதுக்கு ஜிஎஸ்டி, ஆக 4.13%. 80,000க்கு சிங்கப்பூர் முஸ்தபா கடையில ஷாப்பிங் பண்ணா 3,304 ரூபா இதுலயே போச்சு, வர்ற பாயிண்ட்டு ஆயிரத்து சொச்சம். மார்க்கப் இல்லாத கார்டோ, முன்கூட்டியே டாலர் ஏத்தி வைக்கிற ஃபாரெக்ஸ் கார்டோ எடுத்துட்டுப் போறது நல்லது. மெஷின்ல ரூபாயா டாலரான்னு கேக்கும், ரூபான்னதும் நம்ம காசாச்சேன்னு அமுக்கிராதீங்க, அவன் ரேட்டு போட்டு உருவிருவான், டாலர அமுக்குங்க. கார்டுல பணமா மட்டும் எடுக்கவே எடுக்காதீங்க, எடுத்த நிமிஷத்துலேருந்து வட்டி, தனியா ஃபீஸும்.

எப்ப போறதுன்னு ஒரு வாரம் பேச்சு ஓடுச்சு. அப்பா சம்பா அறுத்து நெல்லு போடாம வீட்ட விட்டு நகர மாட்டாரு. ஜூன் 12 மேட்டூர் தொறந்துட்டா குறுவைன்னு கெளம்பிருவாரு, அப்புறம் தேடிப் புடிக்க முடியாது. தீபாவளி, பொங்கலுக்கு முன்னாடி சிங்கப்பூர்லேருந்து நம்மாளுங்க எல்லாம் ஊருக்கு வர்றதால அந்தப் பக்கத்துலேருந்து டிக்கெட்டு எகிறும், பண்டிகை முடிஞ்சதும் இங்கேருந்து போறது எகிறும். மே மாசம் ஸ்கூல் லீவு. ஆக மாசி கடைசி, பங்குனி தொடக்கம், அதான் நமக்கு விட்ட எடம். இதுல மைலு சீட்டு இருந்தா என்ன இல்லாட்டி என்ன.

கடைசியா நான் முடிவு பண்ணுனது இதுதான். ஃப்ளைட்டு திருச்சியிலேருந்து சாதா எகானமி, ஆர்டி காசுல, பெத்தவங்க ரெண்டு பேருக்கு மட்டும் கால் நீட்டுற முன் சீட்டு, அப்பாவுக்கு வீல்சேர். எனக்கும் வீட்டுக்காரிக்கும் எங்க கெடைக்குதோ அங்க. சேந்து கெடக்குற 25,600 பாயிண்ட்ட பேங்க் சைட்டுல ஒரே ஒரு ராத்திரிக்கு, மேல நீச்சல் குளம் இருக்குற ஒரு நல்ல ஹோட்டல்ல ஒரு ரூமுக்கு போடுறது, ரூமு 20,000 சொச்சம் காட்டுது, பாதிக்கு மேல பாயிண்ட்டு கட்டும், மிச்சம் நான். அந்த ரூமு அம்மா அப்பாவுக்கு மட்டும். மத்த நாளெல்லாம் தங்கச்சி வீடு. ஊருக்கு வந்ததும் இந்த ட்ராவல் கார்ட மூடிட்டு கேஷ்பேக் கார்டுக்கு மாறிருவேன். மூடுறதுக்கு முன்னாடி மிச்ச பாயிண்ட்ட எடுத்துரணும், எழுதிக் குடுத்து பாக்கி எதுவும் இல்லன்னா ஏழு வேலை நாளுக்குள்ள மூடணும்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு, தாமதமானா நாளுக்கு 500 ரூபா அவங்க நமக்கு குடுக்கணும்.

இத அம்மாகிட்ட சொன்னேன். "பொண்ணு வீடு இருக்கும்போது ஹோட்டல்ல தங்குனா மாப்ள வீட்டுல என்ன நெனப்பாங்க"ன்னு மொதல்ல முடியாதுன்னுருச்சு. காசு இல்லம்மா, பாயிண்ட்டு, விட்டா வீணாப் போயிரும்னு சொன்னேன். வீணாப் போயிரும்ங்கற வார்த்தைக்குத்தான் மசிஞ்சுச்சு. "சரி ஒரு ராத்திரிதான்"னுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு அடுப்படியிலேருந்து, "அந்த ரூமுல டிக்காஷன் போட சுடுதண்ணி கெடைக்குமாடா?"ன்னு கேட்டுச்சு.